பிரஷ் நுழையாத இடம்

மார்ச் 3

அன்புள்ள சின்னவனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை முந்துகிறது. உன் அத்தான் நலம். பால்கனித் தொட்டியில் இருக்கும் செடிகள் நலம். நான் நலமா என்பதை மட்டும் நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று சிரிப்பாய். போன் செய்தால், "அக்கா, பேஷண்ட் வாயத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மை ஒன்று வருகிறது. பல் டாக்டர் தம்பியிடம் பல்லைப் பற்றிச் சொல்ல எனக்குத் தபால்காரர் தேவைப்படுகிறார், போ.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ரயில் நிலையத்தின் ஈரப் படியில் வழுக்கி விழுந்து என் மேல் முன்பற்கள் நாலும் போனதும், நீ இரண்டு திருகு வைத்து நாலு பல் கட்டிக் கொடுத்தாயே, அந்த இடத்து ஈறில் இரண்டு மாதமாக ரத்தம் வருகிறது. பல் தேய்த்துவிட்டுத் துப்பினால் சிவப்பு. மேல் உதட்டுக்கு மேலே விரலால் அழுத்தினால் வாயெல்லாம் துருப்பிடித்த இரும்பை நக்கின மாதிரி ஒரு ருசி. வலி மட்டும் துளிகூட இல்லை. அதனால்தான் இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டேன்.

இப்போது ஒன்று எழுதப் போகிறேன், உன் மனைவியிடம் படித்துக் காட்டாதே. எங்கள் அறிவிப்பு அறை உனக்குத் தெரியும். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் நிற்க வேண்டிய கண்ணாடி அறை, ஒரே மைக். எனக்குப் பிறகு மாலை ஷிஃப்ட்டுக்கு வருகிற பெண் நல்லவள், என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். போன வாரத்திலிருந்து அவள் மைக்குக்குப் போடும் ஸ்பாஞ்சு உறையைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவருகிறாள். நான் எழுந்ததும் என்னுடையதைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதை மாட்டுகிறாள். "ஏம்மா?" என்று கேட்டேன். "சும்மாதான் பெரியம்மா, எனக்குத் தூசி ஒத்துக்காது" என்றாள். வீட்டுக்குப் போகும்முன் என் உறையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

உன் புதுக் கிளினிக் திறந்தபோது வந்திருந்தேனே, நவம்பரில். புது எக்ஸ்ரே மெஷினை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று என்னைத்தான் முதலில் உட்காரவைத்துப் படம் எடுத்தாய். திரையைப் பார்த்துவிட்டு, "பாறை மாதிரி இருக்கு அக்கா, ஆயுசுக்கும் கவலையில்ல" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாய். காத்திருக்கும் கூடத்துச் சுவரில் கதவு அகலத்துக்கு என் சிரிப்பை மாட்டியிருந்தாய். உன் அத்தான் அதைப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துலகூட இவ இவ்வளவு பெருசா சிரிக்கலையே" என்று அலுத்துக்கொண்டார். பாறையாக இருந்தது நாலு மாதத்தில் இப்படி ஆகுமா?

நான் அங்கே வரட்டுமா, இல்லை இங்கேயே ஈறுக்கென்று படித்த அம்மா ஒருவர் இருக்கிறார், அவரிடம் காட்டட்டுமா? எனக்கென்று இருப்பது அந்த மைக் ஒன்றுதான். அது போய்விட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே.

உன் அக்கா


மார்ச் 12

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். தபால்காரர் கிண்டல் உன்னால்தான் முடியும். முதலில் பயத்தை விடு.

நம் வாயில் கோடிக்கணக்கில் பாக்டீரியா குடியிருக்கின்றன. நல்லவையும் உண்டு, போக்கிரிகளும் உண்டு. பல் தேய்த்த சில மணி நேரத்தில் மறுபடி பல்லின்மேல் பிசுபிசுவென்று ஒரு படலமாகக் கூடிவிடும். சொந்தப் பல் என்றால் ஈறும் எலும்பும் அதை நார் நாராகப் பிடித்துக் கட்டியிருக்கும், கிருமி உள்ளே இறங்க நேரமாகும். இம்ப்ளாண்ட் என்பது டைட்டானியத் திருகு. அதற்கு அந்த நார்க் கட்டு கிடையாது. படலத்தை அப்படியே விட்டுவைத்தால் ஈறு வீங்கும், ரத்தம் வரும், அப்புறம் திருகைச் சுற்றியிருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வலிக்காது. அதுதான் இதில் உள்ள கெட்ட குணம்.

ஆக, எல்லாம் சுத்தத்தில் இருக்கிறது அக்கா. நீ அவசரக்காரி. காலை ஷிஃப்ட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் மேலாகத் தேய்த்துவிட்டு ஓடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா? பல் இடுக்கில் விடுகிற சின்ன பிரஷ் மூன்று அளவில் அனுப்பியிருக்கிறேன், கொப்பளிக்கிற மருந்தும் இருக்கிறது. கட்டின பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் பிரஷை விட்டுத் தினமும் சுத்தம் செய். வலது பக்கத் திருகைச் சுற்றிக் கொஞ்சம் கூடுதலாகக் கவனி, அங்கேதான் எலும்பு இறங்கியிருக்கும். ஒரு மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும்.

அந்த ஈறு அம்மாவிடமெல்லாம் போகாதே. அடுத்தவன் செய்த வேலையில் ஓட்டை கண்டுபிடிக்கவென்றே சிலர் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் இருக்கும்போது அக்கா வாயை இன்னொருத்தர் பார்ப்பதா?

ஒரு சந்தோஷச் செய்தி. மே பத்தாம் தேதி எங்கள் சங்கத்து மாநாடு. பெரிய மேடை, நான் பேசுகிறேன். 'முன்பற்களில் இம்ப்ளாண்ட்: ஒன்பது ஆண்டு வெற்றி' என்று தலைப்பு. கதாநாயகி நீதான்! உன் படத்தைத் திரையில் போட்டால் கூட்டம் வாயைப் பிளக்கும் பார். மாநாடு முடிந்ததும் வந்து ஒரு வாரம் தங்கு. நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கிறேன்.

அத்தானுக்கு என் அன்பு.

உன் செல்லத் தம்பி,
சின்னவன்


மார்ச் 26

அன்புள்ள சின்னவனுக்கு,

பிரஷ்கள் வந்தன. மூன்று நிறம், மூன்று அளவு, பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஒன்றும் உள்ளே போகவில்லை.

குளியலறைக் கண்ணாடி முன்னால் நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, உன் அத்தான் டார்ச் அடிக்க, பெரிய கூத்து. "இன்னும் கொஞ்சம் மேல, இன்னும் கொஞ்சம் மேல" என்று அவர் சொல்லிச் சொல்லிப் பிரஷின் கம்பி வளைந்து ஈறில் குத்தியதுதான் மிச்சம். இருப்பதிலேயே மெல்லியதும் போகவில்லை. அப்புறம் அவரே மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். "எங்கடீ விடறது? இடமே இல்லையே, பல்லு ஈறோட ஒட்டிக்கிட்டு இருக்கு" என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நீ முதலில் கட்டிய பல்லில் ஈறுக்கு அடியில் இடம் இருந்தது. அது வழியாகக் காற்றுப் போய், நான் 'ச' என்றால் விசில் அடித்தது. ரயில் கிளம்பிவிட்டதென்று நினைத்து ஒரு பெரியவர் ஓடினார் என்று சொல்லி நாம் விழுந்து விழுந்து சிரித்தோமே. அப்புறம் நீ அதைக் கழற்றிவிட்டு, ஈறோடு ஒட்டினாற்போல் வேறு கட்டினாய். விசில் நின்றது. என் குரலுக்காக என் தம்பி ராத்திரி பகலாக உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தான் என்று ஒன்பது வருஷமாக நிலையத்தில் காது கொடுத்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த இடத்தை அடைத்தால் பிரஷ் போகாது என்று அன்றைக்கு நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விசிலோடேயே இருந்திருப்பேன், சின்னவனே.

இன்னொன்று. நான் மைக்கில் பேசுகிறவள். ஒரு எண்ணைத் தப்பாகச் சொன்னால் ஆயிரம் பேர் தப்பான நடைமேடைக்கு ஓடுவார்கள். அதனால் எந்த வார்த்தையையும் இரண்டாம் தரம் பார்ப்பது எனக்குப் பழக்கம். உன் கடிதத்தையும் அப்படித்தான் பார்த்தேன். வலது பக்கத் திருகைக் கவனி என்று எழுதியிருக்கிறாய். நான் எழுதிய கடிதத்தில் எந்தப் பக்கம் என்று சொல்லவே இல்லை. தபாலில் போடும்முன் உன் அத்தானும் படித்தார், அவரையும் கேட்டுவிட்டேன். ரத்தம் வருவது வலது பக்கம்தான். உனக்கு எப்படித் தெரியும்?

எங்கள் நிலைய அதிகாரி நேற்றுக் கூப்பிட்டார். மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மேடம், உங்க குரல் இருக்கறப்பவே எல்லா அறிவிப்பையும் பதிவு பண்ணிக் கம்ப்யூட்டர்ல போட்டுடலாம்னு மேலிடத்துல சொல்றாங்க" என்றார். இருக்கறப்பவே என்று சொன்னார். பல் ஆடத் தொடங்கியிருப்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

நான் கேட்டதற்குப் பதில் எழுது. பிரஷைப் பற்றி எழுதாதே.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து மனசு கஷ்டமாகிவிட்டது. போலீஸ்காரர் மாதிரி கேள்வி கேட்கிறாய். நான் என்ன அந்நியனா?

சரி, கேட்டுக்கொள். நவம்பரில் எடுத்த படத்தில் வலது பக்கம் ஒரு நிழல் தெரிந்தது. எலும்பு கொஞ்சம் குறைந்த மாதிரி. அன்றைக்குத் திறப்பு விழா. கூடம் நிறைய ஆட்கள், என் மாமனார் வீட்டார், சங்கத்துத் தலைவர், சுவரில் உன் படம். அந்த நேரத்தில் போய் அதைச் சொல்வார்களா? நீயே அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய். மாநாடு முடியட்டும், நிதானமாக உட்கார்ந்து சரி செய்துவிடலாம் என்றுதான் விட்டேன். உன்னைப் பயமுறுத்தக் கூடாது என்பதுதான் என் எண்ணம். இதில் என்ன துரோகம்?

இடத்தை அடைத்ததற்கும் என்னைக் குறை சொல்கிறாய். விசில் அடிக்கிறது, மாற்றிக் கொடு என்று கேட்டது யார்? நீதான். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடிக்கவில்லை, புகைப்படத்தில் ஈறுக்கு அடியில் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தது. உனக்கும் நல்லது, பார்க்கவும் நல்லது என்று செய்தேன். நன்றாகப் பராமரித்தால் அப்படிக் கட்டின பல்லும் நிற்கும். எத்தனையோ பேருக்கு நிற்கிறது.

நீ அந்த ஈறு மருத்துவரிடம் போகாமல் இருக்க மாட்டாய் என்று தெரியும். போகத்தான் வேண்டும் என்றால் தம்பிக்காக ஒன்று செய். அந்த அம்மாவும் எங்கள் சங்கத்தில்தான் இருக்கிறார், மாநாட்டுக்கு வருவார். முதல் கேள்வியே, "பல் வெச்ச டாக்டர் உங்கள செக்கப்புக்குக் கூப்பிட்டாரா?" என்பதாகத்தான் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வரச் சொன்னார், நான்தான் போகவில்லை என்று சொல்லிவிடு. அவ்வளவுதான். உனக்கு இதனால் ஒரு குறையும் வராது. எனக்கு மேடையில் மானம் போகாமல் இருக்கும்.

சின்ன வயசில் வீட்டுக்காரரின் நிலைக்கண்ணாடியை நான் பந்தடித்து உடைத்தபோது, "நான்தான் மாமா உடைச்சேன்" என்று முன்னால் போய் நின்றாயே. அந்த அக்காவிடம்தான் கேட்கிறேன்.

உன் தம்பி


மே 8

சின்னவனுக்கு,

நீ கேட்டதைச் செய்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஈறு மருத்துவர் வயதில் உன்னைவிடச் சின்னவர். கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைத் திருகுக்குப் பக்கத்தில் இறக்கினார். அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போனது, எனக்கே பயமாகிவிட்டது. வலி இல்லை. ரத்தமும் சீழும் சேர்ந்து வந்தது. அவர் கேட்டார், நீ சொன்ன அதே கேள்வியை. நானும் நீ சொன்ன அதே பதிலைச் சொன்னேன். "கூப்பிட்டாங்க டாக்டர். ஆறு மாசத்துக்கு ஒரு தரம் வரச் சொன்னாங்க. நான்தான் போகல. வீட்லயும் சரியா சுத்தம் பண்ணல." கடைசி வாக்கியம் நீ கேட்காதது. உனக்காகப் பொய் சொல்ல உட்கார்ந்தால் நான் எப்போதும் கொஞ்சம் அதிகமாகத்தான் சொல்வேன்.

அவர் எழுதிக்கொண்டார். பிறகு சுத்தம் செய்து காட்டுகிறேன் என்று பிரஷை எடுத்தார். போகவில்லை. அதைவிட மெல்லியதை எடுத்தார். போகவில்லை. நூல் விட்டுப் பார்த்தார், அதுவும் பாதியில் நார் நாராக அறுந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு என் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏம்மா, இதுக்குள்ள என்னாலயே சுத்தம் பண்ண முடியல. நீங்க எப்படிப் பண்ணியிருப்பீங்க? எதுக்குப் பழியத் தூக்கி உங்க மேல போட்டுக்கறீங்க? யாரு உங்க டாக்டர்?" என்றார். தம்பி என்றேன். முகம் துடைக்கக் காகிதம் கொடுத்தார். இவ்வளவு வயதாகி, பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பிள்ளையாய் அங்கே உட்கார்ந்து அழுதேன். என் வாழ்நாளில் அப்படி வெட்கப்பட்டதில்லை.

இரண்டு திருகும் போய்விட்டன. வலது பக்கம் வெறும் விரலால் திருப்பியே வெளியே வந்தது. இடது பக்கத்தை வெட்டி எடுத்தார்கள். நவம்பரிலேயே தெரிந்து, கட்டின பல்லைக் கழற்றி, உள்ளே திறந்து சுத்தம் செய்திருந்தால் நிற்குமா என்று கேட்டேன். "உறுதியா சொல்ல முடியாதும்மா. இடது பக்கத்துக்காவது வாய்ப்பு இருந்துச்சு" என்றார். மறுபடி திருகு வைக்க எலும்பு போதாதாம். கழற்றி மாட்டுகிற பல் செட் கொடுத்திருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடலாம், வீட்டில் பேசலாம். மைக்கில் பேச முடியாது. ஒவ்வொரு 'த'வுக்கும் டக் டக் என்று சத்தம் கேட்கிறது.

பல்லை எடுப்பதற்கு முன் பதிவு செய்து முடித்துவிட்டார்கள். பதிவுக்கு மூன்று நாள் பிடித்தது. ஆடுகிற பல்லை நாக்கால் உள்ளேயிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஊர்ப் பெயரெல்லாம் சொன்னேன், எண்ணெல்லாம் சொன்னேன், நடைமேடையெல்லாம் சொன்னேன். மாலை ஷிஃப்ட் பெண் பக்கத்தில் நின்று வெந்நீர் எடுத்து எடுத்துக் கொடுத்தாள். இப்போது அவளுக்கும் அந்த அறையில் வேலை இல்லை. கம்ப்யூட்டர் பேசுகிறது.

என்னைத் தொலைந்த பொருள்கள் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். குடைகளும் டிபன் பாக்ஸ்களும் ஒற்றைச் செருப்புகளும் நானும். கேட்டு வருகிறவர்களிடம் அதிகம் பேச வேண்டியதில்லை, கையைக் காட்டினால் போதும். தலைக்கு மேலேயே ஒலிபெருக்கி இருக்கிறது. 'தாமதத்துக்கு வருந்துகிறோம்' என்று என் குரல் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பல் ஆடிக்கொண்டிருந்தபோது சொன்னது, ஆனாலும் எவ்வளவு தெளிவாக இருக்கிறது தெரியுமா? யாருக்கோ, எந்த ரயிலுக்கோ வருந்துகிறது. உன் கடிதங்கள் இரண்டையும் எடுத்து மறுபடி படித்துப் பார்த்தேன். அந்த ஒரு வார்த்தை எங்கேயும் இல்லை.

கண்ணாடி உடைந்த அன்று வாங்கின அடி எனக்கு மறந்தே போய்விட்டது. உண்மையைச் சொன்னால் அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உனக்காக நான் நின்றேன், நீ சின்னவன், உனக்கு விவரம் தெரியாது என்று நினைத்தேன். இவ்வளவு காலமும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். உனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. சுவரில் என் படம் பெரிதாகத் தொங்க, வாய்க்குள் எலும்பு கரைவதைத் திரையில் பார்த்துவிட்டு, பாறை என்று சொல்ல உனக்கு வாய் வந்ததே.

அந்தப் படத்தைக் கழற்றிவிடு. அதில் சிரிக்கிறவளுக்கு உன்மேல் நம்பிக்கை இருந்தது. அவளை வைத்துக் கூட்டம் சேர்க்காதே.

எடுத்த திருகு இரண்டையும் ஒரு குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். மாநாட்டு மேடைக்கே அனுப்பிவைக்கலாம் என்று தோன்றியது. உன் அத்தான்தான், "வேண்டாம், விடு, அவனுக்கு அது ஏறாது" என்றார். அவர் சொல்வது சரி.

பதில் எழுத வேண்டாம். போனும் வேண்டாம். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் இருந்தால் ஒரு நாள் தீரும்.

அக்கா


மே 11

என் அருமை அக்காவுக்கு,

மாநாட்டு ஓட்டலில் இருந்து எழுதுகிறேன். வீட்டுக்குப் போகும்வரை பொறுக்க முடியவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்வரை உன் கடிதம் எதுவும் வரவில்லையே என்று முதலில் கொஞ்சம் கவலையாக இருந்தது. அப்புறம் நினைத்துக்கொண்டேன், அக்காவிடமிருந்து கடிதம் இல்லை என்றால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கொப்பளிக்கிற மருந்து வேலை செய்திருக்குமே?

உரை பிரமாதம்! உன் படம் திரையில் வந்ததும் மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. சங்கத்துத் தலைவர் மேடைக்கே வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த ஈறு மருத்துவரும் முன்வரிசையில் இருந்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நடுவில் எழுந்து போய்விட்டார். நீ சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறாய் என்று அப்போதே புரிந்துகொண்டேன். நீ கைவிட மாட்டாய் என்று எனக்குத் தெரியும் அக்கா. என் அக்கா என் அக்காதான்.

உன் படத்தை இன்னும் பெரிதாக்கி வாசல் பலகையில் போட ஆள் சொல்லிவிட்டேன். எதிரே பஸ்ஸுக்கு நிற்கிறவர்களெல்லாம் உன் சிரிப்பைத்தான் பார்ப்பார்கள். அடுத்த மாதம் வந்து பார். அப்படியே அந்த வலது பக்கத்தையும் ஒரு கை பார்த்துவிடலாம்.

ஒரே ஒரு இடத்தில்தான் எனக்கு வியர்த்துவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் எழுந்து, "டாக்டர், பல்லு இவ்வளவு ஒட்டி இருக்கே, அதுக்கு அடியில பேஷண்ட் எப்படிச் சுத்தம் பண்ணுவாங்க?" என்று கேட்டார். எப்படியோ சமாளித்துக்கொண்டு, "பேஷண்ட் எங்க அக்கா சார். அவங்க பாத்துப்பாங்க" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று.

உடனே பதில் போடு.

உன் செல்லத் தம்பி,
சின்னவன்